குதிக்காத டிசம்பர்

செப்டம்பர் 9, 2024

புதிய இடத்தில் முதல் வகுப்பு. பிஸ்கட்டவே ஊரில் ஒரு பழைய கிடங்கு. முந்தைய ஸ்டூடியோவை இடித்து அப்பார்ட்மென்ட் கட்டப் போகிறார்கள். நான் நடனம் அமைக்கும் பாலே குழுவின் போர்டு தலைவர் பத்ரி தன் நண்பரிடம் பேசி இதைப் பிடித்துக் கொடுத்தார். உயரமான கூரை, நல்ல வெளிச்சம், ஆடுகிற பன்னிரண்டு பேருக்கும் தாராளமான இடம். தரைதான் கான்கிரீட். மேலே மெல்லிய வினைல் விரிப்பு மட்டும். எங்களுக்கு வேண்டியது அடியில் நுரையும் மரச்சட்டமும் வைத்த தளம், குதித்து இறங்கினால் அமுங்கிக் கொடுக்க வேண்டும். பத்ரியிடம் கேட்டேன்.

"ஒரு சீசன்தானே ஜெஸ்மி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. ஃப்ளோர் போடணும்னா ஒரு மாசம் மூடணும். கிறிஸ்துமஸ் ஷோ என்ன ஆறது?"

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

செப்டம்பர் 20

ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து காலில் ஐஸ் வைக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்.

அக்டோபர் 2

கிறிஸ்துமஸ் ஷோவின் பனிக் காட்சியை நான்கு முறை ஆட வைத்தேன். ஒவ்வொரு முறையும் "ஒன் மோர் டைம்" என்றது நான்தான். நான்காவது முறை குதித்து இறங்கிய ரக்ஷா எழுந்திருக்கவில்லை. "ஐம் ஃபைன் ஜெஸ்மி, கிவ் மீ எ மினிட்" என்று மட்டும் சொன்னாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஆறு மாதம் ஆடக்கூடாது. ஆஸ்பத்திரியில் அவள் அம்மா தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க பாத்துப்பீங்கன்னுதானே விட்டோம்?"

கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 3

காலையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தளம் வரும்வரை இங்கே யாரும் குதிக்கப் போவதில்லை. ஒத்திகையில் குதிக்காதவர்களை மேடையிலும் குதிக்கவிட மாட்டேன். ஆகவே டிசம்பர் ஷோவில் ஒரு குதிப்புகூடக் கிடையாது.

ஷைன் எங்கள் முதல் ஆட்டக்காரன். அவன் காற்றில் நிற்பதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். "தென் வாட் டூ ஐ டூ?" என்றான்.

"நட. முதலில் அதைச் சரியாகச் செய்."

கோபமாகப் போய்விட்டான்.

அக்டோபர் 5

பத்ரி போன்.

"ஜம்ப் இல்லாத பாலேவா? பாட்டே இல்லாத கச்சேரி மாதிரின்னா இருக்கு!"

"அப்ப தளம் போடுங்க."

"டிசம்பருக்கு அப்புறம் பாக்கலாம்."

"அப்ப டிசம்பருக்கு அப்புறம் குதிக்கிறோம்."

போனை வைத்ததும் இந்த டைரியை எடுத்தேன். ஸ்டூடியோவில் திறந்து கிடந்தாலும் யாருக்கும் படிக்கத் தெரியாது என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பத்ரிக்குத் தெரியும். படிக்கட்டுமே.

அக்டோபர் 22

ஒன்றும் வரவில்லை. குதிப்புகளை எடுத்துவிட்டால் பனிக் காட்சி சர்ச்சில் நற்கருணைக்கு வரிசையில் போவது மாதிரி இருக்கிறது. மூன்று வாரம் செய்ததை இன்று தூக்கிப் போட்டேன்.

"எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? உனக்கு வேற வேலையா கிடைக்கப் போகுது, இந்த வயசுல?" என்றார் என் கணவர் டென்னிஸ். அக்கறையில்தான் கேட்டார், அதனால்தான் இன்னும் எரிந்தது. நாற்பத்தெட்டு வயசு. பிடிவாதம்தான். ஆமா, பிடிவாதந்தான்! பதினாறு வருஷமா அந்தப் பிள்ளைங்க காலை வச்சுத்தான நான் சோறு தின்னுறேன்?

நவம்பர் 11

கிடைத்துவிட்டது.

பனி மேலே எழும்புவதில்லை. விழுகிறது. இத்தனை வருடம் எல்லோரையும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்! இன்று ஷைனிடம், தூக்காதே, பிடி என்றேன். ஒவ்வொருத்தியும் நுனிக்காலில் நின்று அப்படியே சாய்கிறாள். தரைக்கு ஒரு சாண் மேலே அவன் கை வந்துவிடுகிறது. கீழே இரண்டு பேர் மெத்தையோடு நின்றார்கள். முதலில் எல்லோருக்கும் பயம். மாலைக்குள் மெத்தையை எடுத்துவிடச் சொன்னது அவர்களே.

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ரக்ஷாதான் தாளம் எண்ணினாள். ஷைன் போகும்போது, "திஸ் இஸ் ஹார்டர்" என்று சிரித்தான். அவன் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

டிசம்பர் 14

முதல் காட்சிக்கு அரங்கத்தில் சலசலப்பு. இடைவேளையில் ஒரு குடும்பம் எழுந்து போனதைப் பார்த்தேன்.

பிறகு பனி. வழக்கமாக அந்த இடத்தில் இருபத்து நான்கு கால்கள் மேடையில் இறங்கும் டப்டப் சத்தம் இசையையும் மீறிக் கேட்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருவராகச் சாய்ந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் மேடை முழுவதும் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. கைதட்டல் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆறு எண்ணும்போது வந்தது. நிற்கவேயில்லை.

திரைக்குப் பின்னால் நின்று அழுதேன், மூக்கு ஒழுக.

டிசம்பர் 16

போர்டுக்கு நாற்பது புகார் மின்னஞ்சல். பாராட்டு எத்தனை என்று பத்ரி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 15, 2025

போர்டு கூட்டம். தளம் இல்லாமல் அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று பன்னிரண்டு பேரும் கடிதம் கொடுத்திருந்தார்கள். எனக்கே தெரியாது.

கூட்டம் முடிந்து பத்ரி என்னைத் தனியாக அழைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "ஃப்ளோர் போடறோம். ஆனா உங்க கான்ட்ராக்டை ஜூனுக்கு மேல ரின்யூ பண்றதா இல்ல. போர்டு டிசிஷன்."

"சரி. முதல்ல ஃப்ளோர். நான் இருக்கும்போதே."

"நீங்க ஸாரி சொன்னீங்கன்னா நான் பேசிப் பாக்கலாம்."

"யார்கிட்ட? ரக்ஷாகிட்டயா? அவகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்."

மார்ச் 28

தளம் முடிந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குறுக்கே நடந்தேன். திங்கட்கிழமை ரக்ஷா வருகிறாள்.

ஜூன் 30

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 18

என் இடத்துக்கு டெக்சஸிலிருந்து வந்திருக்கும் கேரல் போன் செய்தாள். அரை மணி நேரம் மரியாதைக்குப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். கிறிஸ்துமஸ் ஷோவை மறுபடி பழையபடி குதிப்புகளோடு செய்கிறாளாம். பனிக் காட்சியை மட்டும் மாற்ற மனம் வரவில்லையாம். நடனக் கலைஞர்களும் விட மாட்டோம் என்கிறார்களாம். அனுமதி தருவேனா, போர்டும் ஒப்புக்கொண்டுவிட்டது என்றாள்.

பத்ரியுமா என்று கேட்டேன். பத்ரியும்தான்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயர் வர வேண்டும், ஒத்திகையை நானே நடத்துவேன் என்றேன். ஒப்புக்கொண்டாள். முதல் ஒத்திகை நவம்பர் மூன்று, காலை பத்து மணி.