கோவைப் படங்களைப் பார்க்க இங்கே தொடவும்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

நானும் காவியாவும் நலம். நீயும் நலம் என்று தெரியும். ஆபீஸ் குரூப்பில் எல்லோருக்கும் காலை வணக்கம் போட்டிருந்தாய். எனக்குத்தான் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து பதில் இல்லை. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. மெசேஜில் நீலக்குறி மட்டும் விழுகிறது. அதனால்தான் கல்யாணமான புதிதில்கூடக் கடிதம் எழுதாத ஆள் இப்போது பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன். கிழிக்காமல் படி.

காவியா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கில் உன்னை மாதிரி, கையெழுத்தில் என்னை மாதிரி. எனக்குச் சடை பின்னத்தான் வரவில்லை. மேல்வீட்டு ஆமினாள் அக்கா பின்னிவிடுகிறார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கம் நல்ல மழை என்கிறார்கள். நமக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது.

நீ கோயம்புத்தூர்ப் பயிற்சிக்குப் போனாலும், ஆபீஸில் நீ போட்ட சட்டமெல்லாம் அப்படியே நடக்கிறது. கம்ப்யூட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய சீட்டு ஒன்றையும் காணோம். டீ குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுகிறார்கள். பில் போடுகிற முத்துத்தாய் பாஸ்வேர்டு அடிக்கும்போது முந்தானையால் கீபோர்டை மூடிக்கொள்கிறாள். நூல் கம்பெனியிலிருந்து பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. எதற்கெடுத்தாலும் சங்கரேஸ்வரி அக்கா சொல்லியிருக்காக என்பதுதான் அவள் பேச்சு. இந்தத் துண்டு நெய்கிற கம்பெனியில் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். இப்போது கேட்டில் புதிதாக வந்தவரிடம் வாட்ச்மேன் என்னைக் காட்டி, இவுக மேடம் வீட்டுக்காரர் என்கிறார். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெரிஞ்சேதான் அந்த மெயிலத் தொட்டீகளா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை. சோதனைக்கு ஒரு பொய் மெயில் வரும், அதில் சங்கரன்கோவில் ஆபீஸில் ஒருத்தரும் ஏமாறாவிட்டால், எல்லாக் கிளைகளுக்கும் உன்னையே பொறுப்பாளராக்கிக் கோயம்புத்தூரிலேயே வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். யாராவது ஏமாந்தால் நீ பழைய அக்கவுண்ட்ஸ் நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான். இதை என்னிடம் சொன்னதே நீதான். ஆபீஸே தப்பித்து நான் ஒருத்தன் மட்டும் மாட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பொண்டாட்டி முன்னேறுவது பொறுக்காமல் வேண்டுமென்றே செய்தான் என்று அங்கே பேசியிருப்பார்கள். உனக்கு வகுப்பெடுக்கிற அந்தப் பாண்டியராஜன் முதல் ஆளாகப் பேசியிருப்பார்.

வேண்டுமென்றே செய்யவில்லை, சங்கரேஸ்வரி. காவியா மேல் சத்தியம். ஏன் செய்தேன் என்பது அதைவிடக் கேவலம். ஆனாலும் சொல்கிறேன்.

நீ பயிற்சிக்கென்று போன நாளிலிருந்து பாண்டியராஜன் சார் இல்லாமல் நமக்குள் ஒரு பேச்சு உண்டா? பாண்டியராஜன் சார் வகுப்பு எடுத்தாக, பாண்டியராஜன் சார் என்னைப் பாராட்டினாக, பாண்டியராஜன் சாருக்கு ரசமே பிடிக்காது. அவருக்கு ரசம் பிடிக்காதது உனக்கு எப்படித் தெரியும்? கேன்டீனில் ஒரே மேஜை என்றுதானே அர்த்தம்? போன வாரம் ஸ்டேட்டஸில் ஒரு வகுப்புப் படம் வைத்தாய். உன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சட்டையின் கை மட்டும் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டியிருந்த வாட்ச் என்ன கம்பெனி என்றுகூட என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் திங்கட்கிழமை மெயில் வந்தது. கோவைப் பயிற்சிப் படங்களைப் பார்க்க இங்கே தொடவும் என்று இருந்தது. முத்துத்தாய்க்கும் வந்தது. அவள் அனுப்பியவர் முகவரியைப் பார்த்துவிட்டு, இது நம்ம கம்பெனி முகவரி இல்ல அண்ணாச்சி, தொட்டுராதீங்க என்று எனக்கும் சொன்னாள். சரி என்று தலையை ஆட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அவசரத்தில் தப்பாக அடித்து, திரும்பவும் கொடுத்தேன். அது பொய் மெயில் என்று எனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதிக்கு அந்தச் சட்டைக்கை யாருடையது என்று பார்த்தே ஆக வேண்டியிருந்தது. படம் ஒன்றும் வரவில்லை. இது சோதனை, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கீழே பாண்டியராஜன் பெயர்.

நேற்று முதலாளி இங்கே வந்திருந்தார். நானே போய்க் கதவைத் தட்டினேன். என் சம்சாரம் சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை, நான் பொறாமையில் தொட்டுவிட்டேன் என்றேன். யார் மேல பொறாமை என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை அடக்க மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாண்டியராஜன் ரிட்டயர் ஆகப் போறாரு வே, பேரன் பேத்தி எடுத்த மனுஷன் என்றார். பேரன் எடுத்தவர் நீலச் சட்டை போடக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா? எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

அப்புறம் அவர் யோசித்துவிட்டு, மத்த அத்தனை பேரும் தப்பிச்சதே அவ வேலைதான், உம்ம ஒருத்தர வச்சு அவள எடைபோட மாட்டேன், பொறுப்பு அவளுக்குத்தான் என்றார். எனக்கு மட்டும் மறுபடியும் வகுப்பு உண்டாம். அதைப் பாண்டியராஜன் வந்து எடுக்க வேண்டாம், நீ எடு. பொண்டாட்டி கோயம்புத்தூர்ல இருக்க உமக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். முழு மனசோடயா என்றார். முழு மனசோடதான் என்றேன். பிள்ளையையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

வருகிற திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். கோமதி அம்பாள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். பொறுப்பை ஏற்றுக்கொள் என்றுதான் நானும் எழுதுகிறேன். ஆனால் உன் புருஷன் முழு மனசோடு சம்மதித்துவிட்டான் என்று முதலாளி சொன்னால் அப்படியே நம்பிவிடாதே. சனிக்கிழமை பஸ் ஏறி வா. என் முகத்தைப் பார்த்து, அது நான் சொன்னதுதானா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, அப்புறம் அவருக்குப் பதில் சொல்.

இப்படிக்கு,
வேறு யாருக்கும் இல்லாமல் உனக்கே உனக்கான,
ராமசுப்பு