நான் எழுந்து போகாத அறை

ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

என் கறுப்பா,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் நீ இருக்கிறாய். ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. பிழை இருந்தால் சிரிக்காதே.

இங்கே திராட்சை பறித்து முடித்துவிட்டார்கள். நம் மகள் யாதிராவுக்கு இது நாலாம் மாதம். ஆண் பிறந்தால் உன் பெயர்தான் என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை நான். உன் மிளகாய்ச் செடிகளில் இரண்டு பட்டுப்போயின. தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

இதைச் சொல்ல உட்காரவில்லை. வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கொமாத்ரே தோமாசா, யாதிராவுக்கு ஞானத்தாய் என்ற உரிமையில், வீட்டுக்குள் வந்து என் செருப்பை எடுத்துப் போட்டாள். "ஒரு வருஷமா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க. சுவரு என்ன டிவியாடி? கெளம்பு!" என்றாள். மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பேசுகிற நம் ஜனங்களோடு பேசிப் பழக ஆள் வேண்டுமாம். நாம் தலைவலி என்போம், வயிற்றில் எரிச்சல் என்போம், மனசு என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டோம் அல்லவா? அப்படி வருகிறவர்களிடம் எதை எப்போது எப்படிக் கேட்பது என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நோயாளி மாதிரியும் வீட்டார் மாதிரியும் நாம் நடிக்க வேண்டும்.

சொல்லித்தருகிறவர் டாக்டர் ஒகாம்போ. அவருடைய அப்பாவும் தக்காளி பறித்தவராம். எனக்கு மனைவி வேஷம். புருஷன் வேஷம் ரொட்டிக்கடை தோன் இலாரியோவுக்கு. முதுகு அடிபட்டு, வேலை போய், தூக்கமும் போன ஆள் என்று தாளில் எழுதியிருந்தது. உன்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அப்போதே நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

டெவின் என்ற பையன் டாக்டராக உட்கார்ந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பள்ளிக்கூடத்து ஸ்பானிஷில், எடுத்த எடுப்பில் "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டுவிட்டான். தோன் இலாரியோ, "இன்னும் காப்பியே குடிக்கல தம்பி, அதுக்குள்ளயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

டாக்டர் ஒகாம்போ அவனை எழுப்பி, மறுபடி உள்ளே வரச்சொன்னார். "மொதல்ல கையக் குடு. எந்த ஊரு, எத்தன பிள்ளைங்கன்னு கேளு. ஒடம்புக்கு என்னன்னு அவரு நெனைக்கிறாரோ, அதக் கேளு. அப்பறம் வீட்டம்மாவ மரியாதையா வெளிய அனுப்பிட்டு மத்தத கேளு" என்றார்.

இரண்டாம் தடவை நன்றாகவே செய்தான். தோன் என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டான். ரொட்டிக்கடையைப் பற்றிக்கூடக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, இத்தன நாளும் நீங்கதான் இவரப் பாத்துக்கிட்டீங்க. இப்ப அஞ்சு நிமிஷம் நான் இவரோட தனியாப் பேசலாமா?" என்றான்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தாளில் இல்லாததை என் வாய் சொன்னது. "அவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர், வெறும் வயித்துக் கோளாறு. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க."

போன வருஷம் கிளினிக்கில் சொன்ன அதே சொற்கள், கறுப்பா.

அன்றைக்கு அந்த டாக்டரம்மா மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நீ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தாய். "சில நாள் காலைல, கால்வாய்ப் பக்கம் போறப்ப..." என்று ஆரம்பித்தாய். நீ சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல நின்றிருந்தவள் தோமாசாவின் மகள் நெரெய்தா. கோயிலில் பாட்டுக்காரர்களின் முதல் வரிசையில் நிற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலே திரும்பி நம்மைப் பார்ப்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உன் பூட்ஸை மிதித்தேன். அந்தச் சொற்களைச் சொன்னேன். நெரெய்தா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். "ஆமா டாக்டர், அவ சொல்றதுதான்" என்றாய். வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். வரும் வழியெல்லாம், நம்ம வீட்டுக் கதையை ஊருக்குப் பரப்பணுமா என்று உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பதினோராம் நாள் கால்வாயிலிருந்து உன்னை எடுத்தார்கள். மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். பாதிரியாரிடமும் அதுதான், யாதிராவிடமும் அதுதான். உன் தூண்டில் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்து உன் வண்டியில் போட்டவள் நான்.

டெவின் அவசரப்படவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் எழுந்து போனேன். கதவைச் சாத்தினான். உள்ளே தோன் இலாரியோவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. நடிப்புதான். ஆனாலும் அந்த மனிதர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

திரும்ப உள்ளே கூப்பிட்டு, "வெளிய நின்னப்ப அந்த வீட்டம்மாவுக்கு எப்படி இருந்துச்சு?" என்று டாக்டர் ஒகாம்போ கேட்டார். இருபது பிள்ளைகள். சுவரோரம் தோமாசா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தூண்டில் உட்பட. டெவின் தண்ணீர் கொண்டுவந்தான். டாக்டர் ஒகாம்போ பிள்ளைகளைப் பார்த்து, "மொழி சொல்றவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா, வேற ஆள் வேணுமான்னு எத்தன பேரு கேட்டிருப்பீங்க?" என்றார். ஒரு கையும் எழவில்லை. "அந்த டாக்டரும் கேக்கல. அது எங்க தப்பும்மா" என்றார் என்னிடம். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் உன் காலை மிதித்தது டாக்டர் இல்லையே.

பாதி வழியில் தோமாசா காரை ஓரம் கட்டினாள். "என் பொண்ணு வாய நீ நம்பலையாடி?" என்றாள். "நீங்க அந்தக் கிளினிக் படி ஏறினதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல அவ. போன வருஷம் பூரா சோறு எறங்காமக் கெடந்தா. எவன் பின்னாடி சுத்துறயோன்னு அந்தப் பிள்ளைய வாய்க்கு வந்தபடி பேசினேன்."

யார் வாய்க்குப் பயந்தேனோ, அந்த வாய் திறக்கவே இல்லை. இன்று பூசையில் நெரெய்தா பாடினாள். நான் தலை நிமிரவில்லை. யாதிராவிடம் நேற்றுச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

அடுத்த வியாழனும் வரச்சொல்லியிருக்கிறார் டாக்டர் ஒகாம்போ. போவேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்னை மாதிரி ஒருத்தியை எழுப்பி அனுப்பத் தெரிய வேண்டும்.

குவாதலூப்பே மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அங்கேயாவது நீ குளிராமல் இரு.

உன் வாயை அடைத்த உன் பெண்டாட்டி,
எர்லிந்தா

ஒன்றே ஒன்று, கறுப்பா. அன்றைக்கு நான் எழுந்து வெளியே போயிருந்தால், அந்த டாக்டரம்மாவிடம் நீ என்ன சொல்லியிருப்பாய்?