கௌசிக்கு ஒரு சுவர்

என் தங்க அம்மாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண் அசந்தாள். நாளைக்கு விடியுமுன் ஸ்கூல் வேன் எடுக்க வேண்டுமென்று உங்கள் மருமகன் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். விடிந்த பிறகு ஆறுதலாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் விடிந்தால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்துக் காம்பரா ராசம்மா அத்தை என்ன செய்தி என்று கேட்பார், நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன், பத்து நிமிடத்தில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். உங்களுக்கு ஊரோடு ஊராகத் தெரியக்கூடாது. நீங்கள்தான் முதலில்.

இன்று கௌசி கொழும்பில் வேலையில் சேர்ந்துவிட்டாள். இருப்பதற்கு வீடும் கிடைத்துவிட்டது.

உங்கள் சின்ன மகள்தான். நீங்கள் போகும்போது கம்பஸில் இரண்டாம் வருடத்தில் இருந்தாளே, அவள். "இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் முழங்கால் தேஞ்சிரும்" என்று றப்பர் பால் வாளியோடு மலை இறங்கும்போதெல்லாம் சொல்வீர்கள். முடித்துவிட்டாள் அம்மா. கட்டடக் கம்பெனி ஒன்றில் பிளான் வரைகிற வேலை. மாடிக்கு மேல் மாடியாக எழும்புகிற வீடுகளில் குசினி எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், சுவர் எத்தனை இஞ்சி என்பதையெல்லாம் இனி உங்கள் மகள்தான் சொல்வாள். மூன்று பேர் படுக்கிற ஒற்றை அறைக் காம்பராவில் கொப்பி விரித்துப் படித்தவள். நினைத்தால் நானே இரண்டு இஞ்சி உயர்ந்த மாதிரி இருக்கிறது.

வேலைக் கடிதம் போன புதன்கிழமைதான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். நடுவில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இல்லாத நாள் சனியும் ஞாயிறும்தான்; ஞாயிறு அவளைச் சாமானோடு கொண்டுபோய் விட வேண்டும், மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் அவளுக்கு ஓர் இடம் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தினமும் கஹவத்தையிலிருந்து கொழும்புக்கு யார் போய்வருவது? பிள்ளை இன்னும் பால் குடிக்கிறாள், விட்டுவிட்டுப் போக முடியாது. இடுப்பில் வைத்துக்கொண்டே கௌசியோடு விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். உங்கள் பேத்தி முதன்முதலாகக் கொழும்புக்குப் போனது சித்திக்கு வீடு பார்க்கத்தான். அவளை நீங்கள் பார்க்கவில்லையே. உங்கள் நெற்றி அப்படியே இருக்கிறது, சுருக்கம்தான் இல்லை.

கொழும்பில் சுனில் என்று ஒரு புரோக்கர். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். எங்கள் இரண்டு பேரையும் தங்கச்சி மாதிரி நங்கி, நங்கி என்று கூப்பிட்டுக்கொண்டு த்ரீவீலில் முன்னே போனார். முதல் வீடு வெள்ளவத்தையில். அந்த ஐயா நன்றாகத்தான் பேசினார். சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். கடைசியில் எந்த இடம் என்று கேட்டார். கஹவத்தைக்குப் பக்கத்தில் றப்பர்த் தோட்டம் என்று கௌசி சொன்னாள். அவர் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினார். வேறொருவரும் கேட்டிருக்கிறார், பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். முகத்தில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்து, இனி யார் கேட்டாலும் இரத்தினபுரி டவுன் என்று சொல்லச் சொன்னேன்.

"அக்கா, ஐ.சி. கார்ட்டுல தோட்டத்து விலாசந்தானே இருக்கு."

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"பாத்துட்டுத்தானே வீடு குடுப்பாங்க" என்றாள். என் கையை விடுவித்துக்கொண்டு த்ரீவீலில் ஏறினாள்.

இரண்டாவது வீட்டில் ஊர் கேட்கிற அளவுக்கே போகவில்லை. வாசலில் நின்ற அம்மாவுக்குக் கண் என் இடுப்பிலேயே இருந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதில்லையாம், சுவரெல்லாம் கிறுக்கிவிடுவார்களாம். பிள்ளை வீடு பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறாள், இருக்கப் போவது இவள் சித்தி என்று நான் விளக்கினேன். அந்தம்மா நம்பவில்லை. நம் ஆளும் சும்மா இருக்காமல் கதவு நிலையை நக்கிவிட்டாள். சுனில் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவதுதான் அம்மா, எல்லாம் இருந்த வீடு. ஐந்தாம் மாடி, லிஃப்ட், ஜன்னலைத் திறந்தால் கடல். கௌசி அளவு நாடாவை எடுத்து அங்கும் இங்கும் அளந்துகொண்டிருந்தாள். சுனில் "ஹொந்த தெனக் நங்கி, நல்ல இடம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டார். நான் போய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். கல்லில் தட்டின மாதிரி இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"அக்கா, அது ஒம்பது இஞ்சிச் சுவரு. ஆனையே முட்டுனாலும் அடுத்த வீட்டுக்குக் கேக்காது."

நல்லது என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். வாடகை அதிகம் என்றேன். அதுவும் உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல.

காரணம் உங்களுக்குத் தெரியாதா? விடியுமுன் யார் முதலில் எழும்புகிறீர்களோ அவர் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவரில் இரண்டு தரம் தட்ட வேண்டும். மற்றவர் இரண்டு தரம் பதில் தட்ட வேண்டும். கூப்பிட்டால் பிள்ளைகள் எழும்பிவிடும், எழுப்பாவிட்டால் வெயில் ஏறிப் பால் நின்றுவிடும். நீங்களும் ராசம்மா அத்தையும் இருபத்தைந்து வருடம் அப்படித்தான் பால்வெட்டுக்குப் புறப்பட்டீர்கள். மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலும் தட்டுவீர்கள், சும்மா.

அன்றைக்கு அத்தை தட்டியபோது நீங்கள் பதில் தட்டவில்லை. இன்னொரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, கேத்தலை அடுப்பில் விட்டது விட்டபடி ஓடி வந்திருக்கிறார். நான் அப்போது தெரணியகலைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன், கௌசி கம்பஸில். நீங்கள் தனியாக. அத்தை அந்த நிமிடம் வந்ததால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. அதனால்தான் எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் கிடைத்தது. நீங்கள் எங்கள் இரண்டு பேர் கையையும் ஒன்றாகப் பிடித்தது அந்த இரண்டாம் நாளில். போன் இருக்கே அக்கா என்று கௌசி சொல்கிறாள். அன்றைக்கும் உங்கள் போன் தலைமாட்டில்தான் இருந்தது.

அதனால்தான் கொழும்பில் வீடு வீடாகப் போய் நான் சுவரைத் தட்டினேன். கடல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், இவளுக்கு ஒன்று என்றால் யாருக்குக் கேட்கும் என்று பார்த்தேன். படித்த பிள்ளை, ஆசிரியை, இப்படியா நடப்பது என்று நினைப்பீர்களோ?

நாலாவது வீட்டுக்குப் போகும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. தெஹிவளையில் ஒரு முஸ்லிம் ஆன்ட்டியின் வீடு. பெரிய வீட்டோடு ஒட்டி ஒரு அனெக்ஸ்: கை கால் நீட்ட ஓர் அறை, சமைக்கச் சின்னக் குசினி, தனிக் கதவு, ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜம்பு மரம். ஆன்ட்டி பிள்ளையைப் பார்த்ததும் முதலில் அதற்குத்தான் சுடுதண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு எந்த ஊர் மகள் என்று கௌசியைக் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு இரத்தினபுரி டவுன் என்றேன். கௌசி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் பைப்பைத் திறந்து பார்த்தேன், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். அப்புறம் கை தானாகப் போய்ச் சுவரில் இரண்டு தரம் தட்டிவிட்டது.

"எனத்துக்கு மகள் செவுத்தத் தட்டிப் பாக்குறீங்க?"

வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். ஒரே வீட்டில் இரண்டாவது பொய். வெடிப்பா என்று ஆன்ட்டியின் முகம் சுருங்கியது. கௌசி அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். இந்த வீடும் போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெடிப்பு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, நல்ல செவுரு" என்றாள். "நாங்க டவுனும் இல்ல. கஹவத்தையில தோட்டத்து ஆளுங்க, லயத்துல இருக்கோம். எங்கம்மா றப்பர் பால் வெட்டித்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாங்க. நான் தனியா இருக்கப் போறேன்னு அக்காவுக்குப் பயம். தட்டுனா யாருக்காச்சும் கேக்குமான்னு பாக்குறாங்க."

அதோடு நிற்கவில்லை. நீங்கள் தட்டியது, அத்தை தட்டியது, அன்றைக்கு நீங்கள் பதில் தட்டாதது, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் தாழவும் இல்லை, அழவும் இல்லை. யாரோ பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, புறப்படத் தயாராக நின்றேன். சுனில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி நான் தட்டிய இடத்துக்கே போய் உள்ளங்கையை வைத்தார்.

"இதுக்கு அங்கால என்ட ரூம்தான் மகள். என்ட கட்டில் இந்தச் செவுத்தோடதான் ஈக்கிது. அவர் மௌத்தாகி நாலு வருசம். மகன் கட்டார்ல, நான் தனிய. நான் தட்டினா நீங்க வருவீங்களா?"

"வருவேன் ஆன்ட்டி" என்றாள் கௌசி. சொல்லிவிட்டு, விரலை மடக்கி ஒரு தரம் தட்டிப் பார்த்து, "இது நாலரை இஞ்சிதான். நல்லாவே கேக்கும்" என்றாள். பிளான் போடுகிறவள் அல்லவா?

வாடகை, முன்பணம் எல்லாம் உங்கள் மருமகன் போனில் பேசி முடித்தார். புதிதாகக் குடிவருகிறவர் பற்றிப் பொலிசுக்குக் கொடுக்கிற படிவத்தை ஆன்ட்டி நிரப்பும்போது கௌசி பக்கத்தில் நின்று விலாசத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா. ஒன்றையும் விழுங்கவில்லை.

எனக்கு அப்போது நீங்கள் என்னைக் கஹவத்தைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது. பால் நிறுக்கத் தாமதமாகிவிட்டது என்று வெட்டுச் சேலையோடே வந்தீர்கள். புளித்த பால் வாடை. நான் பத்தடி தள்ளித் தூணோரமாக நின்றேன். கௌசி சின்னப் பிள்ளை, உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று அதிபர் கேட்டதும், வாசல்வரை கேட்கிற மாதிரி, "தோட்டத்துலருந்துங்க, சேர்" என்றீர்கள். அந்தக் குரலைத்தான் சனிக்கிழமை மறுபடி கேட்டேன். எனக்கு அது வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது. பொறாமை இல்லை அம்மா, பெருமைதான். நான் தூணோரம் நின்றது அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் கேட்காமல் விட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். நேற்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. எழும்பி எழும்பிப் போனைப் பார்த்தேன். இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து அவள் கோல் எடுத்தாள். புது இடம், புது மேசை, மேலாளர் நல்ல மாதிரி என்று ஏதேதோ சொன்னாள். கடைசியில்தான் இதைச் சொன்னாள். விடியற்காலை இருட்டில் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டதாம். ஆன்ட்டி சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிற நேரம். அரைத் தூக்கத்தில் இவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லையாம். நம் காம்பரா என்றே நினைத்திருக்கிறாள்.

"நான் பாட்டுக்கு ரெண்டு தட்டுத் தட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன் அக்கா. அப்புறந்தான் தெரிஞ்சிச்சு தெஹிவளைன்னு."

அதைச் சொல்லத்தான் அம்மா இந்த நேரத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு வாக்கும் தர வேண்டும். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் விலாசம் என்ற இடத்தில் நான் டவுனில் இருக்கும் இவருடைய அண்ணன் வீட்டு விலாசத்தை எழுதிவைத்திருக்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். நாளை மறுநாள் கிளினிக். மிட்வைஃப் மிஸ் முன்னாலேயே அதை வெட்டிவிட்டுச் சரியான விலாசத்தை எழுதுவேன். இவள் பெரியவளாகி எங்கே போய் நின்றாலும், யார் எந்த ஊர் என்று கேட்டாலும், இவளுக்கு முன்னால் நான் முந்திக்கொள்ளமாட்டேன்.

அன்றைக்கு அத்தை தட்டியது உங்களுக்குக் கேட்டதா அம்மா? பதில் தட்டக் கை எழும்பவில்லையா, அல்லது கேட்கவே இல்லையா? இரண்டு வருடமாக எனக்கு இது ஒன்றுதான் கேள்வி.

உங்கள் நடுச்சுவர் இதோ என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்று கை போகிறது. தட்டினால் ராசம்மா அத்தை விழுந்தடித்து ஓடி வந்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஏழாம் லயம், நாலாம் காம்பரா.