கிள்ளானில் நெபுலா பேசியது

தை 2, வியாழன்
காலை முதல் தூறல். துணி காயவில்லை. பள்ளியில் பாதிப் பிள்ளைகள்தான், பொங்கல் அலுப்பு.

கிள்ளான் வாசகசாலைச் செயலாளர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டார். சனிக்கிழமைப் பேச்சு என்னுடையது. அந்த மேடையில் இதுவரை பெண் யாரும் ஏறியதில்லை. அவருக்கே உதறல்.

"டீச்சரம்மா, பிள்ளை வளர்ப்பு பத்திப் பேசுங்களேன். வானத்து நெபுலா எல்லாம் யாருக்குப் புரியும்?"

"எனக்குப் பிள்ளை இல்லீங்க. நெபுலா தெரியும்."

காபியை ஒரே மடக்கில் குடித்தார். அடுக்களையில் இவர் சிரித்த சத்தம்.

தை 3, வெள்ளி
வெயில். அப்பாடா. சேலை இஸ்திரி. தொண்டைக்கு அதிமதுரம்.

நெபுலாவுக்குத் தமிழ்ச் சொல் அகப்படவில்லை. புகை என்றால் அடுப்பு ஞாபகம். 'ஒளிமுகில்' என்று நானே வைத்துவிட்டேன். யாரைக் கேட்க வேண்டும்?

இவர் ரயில்வே கார்டாக இருப்பதில் ஒரு லாபம்: ஸ்டேஷன் மாஸ்டர் குதிரைப் பந்தயம் பார்க்கும் பைனாகுலர் இரவல் கிடைத்தது.

தை 5, ஞாயிறு
நேற்றைய பேச்சு. இன்னும் உடம்பு சூடாகவே இருக்கிறது.

ஹால் நிறைய ஆண்கள். ஒளிமுகில்களில் சில வெறும் வாயு, நம் பால்வீதிக்குள்ளேயே மிதப்பவை என்றேன். வேறு சில முகிலே அல்ல. வெகு தூரத்தில் தனித்தனிப் பால்வீதிகள்.

முன்வரிசைச் சுருட்டுக்கடை முதலாளி எழுந்துவிட்டார். "பால்வீதிக்கு வெளியே என்னம்மா இருக்கு? எல்லாம் அதுக்குள்ளதான்!" கைதட்டல் அவருக்கு.

"வெளிய வாங்கய்யா, பாத்துருவோம்."

எல்லோரும் பாடாங் திடலுக்கு. அமாவாசை இருட்டு. திருவாதிரைக்குத் தெற்கே வாயு முகிலைக் காட்டினேன். ஆனால் இன்னொரு பால்வீதியைக் காட்ட வேண்டிய வடமேற்கில் மேகம். காத்திருந்தோம். யாரோ கொட்டாவி. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேகம் விலகியது. உத்திரட்டாதிக்கு வடக்கே மங்கலாக ஒரு திட்டு. முதலாளி பைனாகுலரை விடவே இல்லை.

"இதுவா இன்னொரு பால்வீதி? ஊதினா போயிடும் போல இருக்கே."

"அங்கிருந்து யாராச்சும் பாத்தா நாமளும் இப்படித்தான் தெரிவோம்யா. மலாயா, இந்தியா, சூரியன் எல்லாம் சேர்த்து இம்புட்டுதான்."

முதலாளி பைனாகுலரை இறக்கி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை!

திரும்பும் ரயிலில் இவர் டிக்கெட் பரிசோதகரிடம்: "இன்னைக்கு நம்ம வீட்டம்மா பேச்சு, தெரியுமா?" முகம் தெரியாத பயணியிடமும் அதே. கிள்ளியும் நிறுத்தவில்லை. ரொம்பவும் கிள்ளவில்லை.

தை 8, புதன்
மதியம் மழை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் மூன்று பெண்கள், நனைந்துபோய். துறைமுகத்தில் வேலை, கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார்கள்.

மூத்தவள் பேசினாள்: "ஆம்பளைங்க உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்து ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க டீச்சர். ஒருத்தனுக்கும் ஒழுங்கா வெளங்கல. நீங்களே வந்து எங்களுக்குச் சொல்லுங்க."

"எத்தனை பேர் வருவீங்க?"

"எங்க கூலி லயத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும்."

ஞாயிறு போகிறேன்.