பாதி எனக்கு, பாதி உங்களுக்கு

அண்ணி,

இன்று காலை நல்ல மழை. காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. தாமதமாகும் என்று அலுவலகத்துக்குச் சொல்லச் செல்பேசியை எடுத்து 'ஹெவி' என்று தட்டினேன். கேட்காமலே 'ரெயின்' என்று அது எடுத்துக் கொடுத்தது. அது உங்கள் வேலை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் அரியாங்குப்பம் வீட்டுக்கு வந்தீர்கள். டவுனை ஒட்டிய உப்பளம் பகுதியில் வளர்ந்து, துணிக்கடையில் வேலை பார்த்து, நாலு பேரோடு பேசிப் பழகியவர். எங்கள் வீட்டில் பகல் முழுக்கச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டவுனில் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசைக்குப் பெண்கள் வேண்டுமாம், போகட்டுமா என்று அண்ணனைக் கேட்டீர்கள். முதலில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள், அப்புறம் போகலாம் என்று சிரித்தார் அண்ணன். அவர் கிண்டலுக்குச் சொன்னார். நீங்கள் அதை வாக்காகப் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் அப்போது இங்கிலீஷ் பேசும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சேர்ந்தே வரும் வார்த்தைகளை ஜெராக்ஸ் தாளில் கொடுப்பார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதன் ஜோடி. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் பேசும்போது வாயில் வராது, சேர்த்தே படியுங்கள் என்பார்கள். நாம் படித்தது பின்கட்டுக் குழாயடியில். மீன் ஆய்ந்துகொண்டே நான் 'டெல்' என்பேன், நீங்கள் 'லை' என்பீர்கள். 'பே' என்றால் 'அட்டென்ஷன்'. 'ஸ்ட்ராங்' என்றால் 'டீ'. இதுங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

மழை பெரிதாகப் பெய்தால் 'பிக் ரெயின்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். நீங்கள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மழை பேயுது, காத்து அடிக்குது, வெயில் காயுது. இதையெல்லாம் யாரு உனக்கு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க? அது அதுக்குன்னு ஒண்ணு ஒட்டிக்கும். நான் இஸ்கூல்ல பிரெஞ்சு எடுத்தவ. அங்க ஒவ்வொரு வார்த்தையும் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியணும். இங்க யாருக்கு யாரு ஜோடின்னு தெரிஞ்சா போதும்."

ஓட்டல் நேர்காணலுக்கு இரண்டு பேருமே போனோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். 'உங்களிடம் என்ன நல்ல பழக்கம்?' என்று கேட்டார் உள்ளே கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த அம்மாள். 'ஐ ஆல்வேஸ் பே' என்று ஆரம்பித்துவிட்டு, வழக்கப்படி நிறுத்திவிட்டேன். மீதி வரவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அவரும் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் கதை இதற்கு நேரெதிர். உள்ளே போய், வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். திரும்பும்போது பாலத்தின் மேல் பேருந்து ஏறியதும்தான் பேசினீர்கள்.

"மொத வார்த்தைய யாராச்சும் எடுத்துக் குடுத்திருந்தா முழுசும் சொல்லியிருப்பேன். வீட்ல இத சொல்லாத. அவுரு சிரிச்சாருன்னா நான் மறுபடி கேக்க மாட்டேன்."

உங்களுக்குக் கண்கூடக் கலங்கவில்லை. மறுநாள் குழாயடியில், இன்றிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன், நீ முடி என்று பக்கத்தை மாற்றிவிட்டீர்கள். நான் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கத்தையும் நீங்களே சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னார். சில மாதத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் உங்களுக்கு வேலை கிடைத்தது. அண்ணன் அன்றைக்கும் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை உங்களை வண்டியில் கொண்டுபோய் விட்டது அவர்தான்.

எனக்குக் கல்யாணமாகிக் காலாப்பட்டு வந்த பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. போனை எடுத்ததும் 'ஹலோ' கிடையாது. ஏதாவது ஒரு பாதியைச் சொல்வீர்கள், மற்றதை நான் சொன்னால்தான் பேச்சே தொடங்கும்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. பயத்தில் நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். டாக்டர் நல்லபடியாகச் சொன்னார் என்றேன், பொங்கலுக்கு வீட்டில் இருப்பீர்கள் என்றேன். எல்லாம் பொய் என்று உங்களுக்குத் தெரியும். கையைத் தூக்கி நிறுத்தி, "கீப்" என்றீர்கள்.

"ப்ராமிஸ்," என்றேன். தலையை ஆட்டினீர்கள். "இன் டச்," என்றேன். அதுவும் இல்லை.

"கொயட்," என்றீர்கள்.

எனக்கென்று ஒரு பாதியை விடாமல் நீங்களே முடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் நான் பேசவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

பேருந்து கிளம்பிய பிறகு, சும்மா, 'கீப்' என்று தட்டிப் பார்த்தேன். கீழே மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. நீங்கள் சொன்னது அவற்றில் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக நானே தட்டிச் சேர்த்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. டவுன் வரும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அண்ணி.