ஈரக் கழிவு போக

ஜூலை 7, திங்கள்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. பெரியாற்றில் தண்ணீர் செம்மண் நிறம்.

போன வருஷம் இதே மழையில் வண்டிப்பெரியார் ஸ்டாண்டில் பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இன்று நான் தேர்வுக் குழு! நினைத்தால் எனக்கே சிரிப்பு.

விஷயம் இது. எங்களைப் போல வயதான பிறகு எழுத்துப் படித்தவர்களும், சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறவர்களும் சேர்ந்து பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இரண்டு நாள் கூட்டம் போடுகிறார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்குப் போய்வர பஸ் செலவு தருவார்கள். ஆசை எல்லாருக்கும். யாருக்கு என்று சொல்ல மூன்று பேர். பாடம் சொல்லும் ஸ்டெல்லா டீச்சர். கணக்குச் சொல்லும் கோபி சேட்டன், பழைய பஸ் கண்டக்டர். படிக்கிறவர்கள் பக்கத்திலிருந்து நான். குழுவில் இருக்கிறவன் போகக் கூடாது. போகட்டும்.

வாங்க வேண்டியது: பேனா, வெற்றிலை, மதினிக்கு முட்டித் தைலம்.

மதினி என்றால் அண்ணன் மனைவி ரோசம்மாள். அண்ணன் காலமானபின் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த வீடு. என் சாப்பாடும் அங்கேதான். முழுதாக எழுத நேரமாகிறது. இனி ம.

ஜூலை 9, புதன்

மழை, கொஞ்சம் வெயில், திரும்ப மழை.

மார்க் போட்டோம். ஏன் போக வேண்டும் என்று ஆளுக்கு நாலு வரி எழுதித் தந்திருந்தார்கள். பெயர் தெரியாமலிருக்க டீச்சர் அதன் மேல் தாள் ஒட்டியிருந்தார். எதற்கு? எல்லாரும் ஒரே லயம். இருமினாலே ஆள் தெரியும்.

தங்கையா: கூட்டத்தில் கற்பதை ஊருக்கெல்லாம் பரப்புவானாம். லீலா: அங்கே எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பார்த்துவந்து சொல்வாள்.

ஒன்றில் மட்டும் இரண்டே வரி. “பாப்பாத்தி சித்தூரில் படிக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்.”

ம. தான். வேறு யார்? பாப்பாத்தி அவருக்குப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். எஸ்டேட் பூட்டியபோது மகனோடு சித்தூர்ப் பக்கம் போய்விட்டாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபி சேட்டன், “எந்தா அண்ணா, ஒரு மார்க்குக்கு இத்தனை நேரமோ? இதுக்குள்ள நான் குமுளி வரைக்கும் டிக்கெட் கொடுத்திருப்பேன்” என்றார்.

பத்துக்கு இரண்டு போட்டேன்.

சொந்தத்துக்கு அள்ளிப் போட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அண்ணன் ஞாபகம். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் அவன்தான் தராசுக்காரன். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும், எல்லார் சாக்கிலும் ஈரக் கழிவு என்று கொஞ்சம் குறைத்து எழுதுவது வழக்கம். தன் மனைவி சாக்கு வந்தால் அண்ணன் இன்னும் ஒரு கிலோ சேர்த்துக் கழிப்பான். சத்தமாகச் சொல்லிக் கழிப்பான். “மனுசன்னா இவன்லா மனுசன்” என்று கொட்டகையே சொல்லும். ஈர இலை வாசம், மழைக்குக் கம்பளியைத் தலையோடு கொங்காணி போட்ட பெண்கள் வரிசை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அண்ணன் முகம். எனக்கு அவ்வளவு பெருமை.

இன்றும் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

ம. என்று எழுதினால் அவர் சுருங்கிப்போன மாதிரி இருக்கிறது. மதினி என்றே எழுதுகிறேன். நேரமானால் ஆகட்டும்.

ராத்திரி கஞ்சியும் சுட்ட கருவாடும்.

மதினி கேட்டார். “கொழுந்தனாரே, கமிட்டி என்ன சொல்லுது?”

“அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது மைனி.”

“சொல்லாண்டாம். மூஞ்சியே சொல்லுது. எனக்குக் கழிச்சிட்டீரு, என்ன?”

நான் கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்க அண்ணனுக்கு நல்ல பேரு. அந்தப் பேருக்கு ஈரக் கழிவு குடுத்தவ நான்லா? மழை பேஞ்சா எல்லாருக்கும் ஒரு கழிவு, எனக்கு ரெண்டு. என் சாக்குல மட்டும் தனியா மழை பேஞ்சுதா?”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு பாப்பாத்தி கதை. மழை நாளில் நிறுவைக்குப் போகுமுன் தேயிலைச் செடி மறைவில் பாப்பாத்தி தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி மதினி சாக்கில் போடுவாளாம். “ஒம் புருசன் நல்லவனா இருந்துட்டுப் போறான், நீ ஏம்டி நட்டப்படணும்?” என்பாளாம். வருஷக்கணக்காக. அண்ணனுக்குத் தெரியாது. எனக்கும் இன்றுதான்.

“அவ பிரியும்போது ஒரு வார்த்தை சொல்லல கொழுந்தனாரே. லாரியில சாமான் ஏத்துற அவசரத்துல விட்டுப்போச்சு.”

கஞ்சி ஆறிவிட்டது. குடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

குளிர். கால் கடுக்கிறது. ஆனாலும் காலையிலேயே டீச்சர் வீட்டுக்கு ஏறிப் போனேன்.

“டீச்சரம்மா, அந்த ரெண்டு மார்க் பொய் மார்க். மைனின்னு தெரிஞ்சுதான் கொறச்சேன்.”

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “தாத்தா, சொந்தம்னு கூட்டிப் போட்டாலும் தப்பு, கொறச்சிப் போட்டாலும் தப்பு. மொதல்லயே எந்திரிச்சிப் போயிருக்கலாம்ல?”

எழுந்து போகலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று மதினி சாக்கை எடை போட்டிருக்கலாமே! இவ்வளவு சின்ன வழி.

கோபி சேட்டனையும் கூப்பிட்டு அங்கேயே தீர்மானம். யாருக்குச் சொந்தக்காரர் தாள் வந்தாலும் அவர் வெளியே போக வேண்டும். மற்ற இருவர் மார்க்கை வைத்துச் சராசரி. மறுபடி கூட்டும்போது என்னை வாசலில் நிற்க வைத்தார்கள். கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிடைக்காமல் போனாலும் சரி, கழிவு இல்லாமல் போகட்டும் என்று ஒரு ஜெபம்.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் விட்டதும் டீச்சர் பெயர்களை வாசித்தார். லீலா. ரோசம்மாள்.

தங்கையா முறைத்தான். “சிநேகிதியப் பாக்கப் போறதெல்லாம் ஒரு காரணமா சேட்டா?”

“படிச்ச ஒருத்தி படிச்ச இன்னொருத்தியக் காணத்தானேடா இந்தக் கூட்டம்? நீ ஊருக்கெல்லாம் பரப்பணும்னா இங்கேயே தொடங்கு, பஸ் வேண்டாம்” என்றார் கோபி சேட்டன்.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையா சிரிக்கவில்லை. பாவம், அவனும் சித்தூர் பார்த்ததில்லை. வாசலில் அவனுக்கு வெற்றிலை கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

ஜூலை 18, வெள்ளி

மூடுபனி. மதினியையும் லீலாவையும் வண்டியேற்றிவிடப் போனேன். ஸ்டாண்டில் பஸ் போர்டை நானே படித்துச் சொன்னேன். குமுளி! மதினியும் படித்தார், எனக்கு முன்னாலேயே. குமுளியில் மாறி, கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி, சித்தூர். வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே போவதாகத் திட்டம்.

பையில் என்ன: சேலை இரண்டு, தைலம், பாப்பாத்திக்கு ஏலக்காய், ஒரு பொட்டலம் தேயிலைத் தூள்.

படியேறும்போது கையைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்து, “ஈரக் கழிவு இல்லாத சாக்கு இன்னைக்குத்தான் வண்டியேறுது கொழுந்தனாரே” என்றார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வரும் வழியில் பழைய நிறுவைக் கொட்டகை. கூரை பாதி இல்லை. தராசு மாட்டிய கொக்கி மட்டும் இருக்கிறது. ஆட்டினேன். அதே கிரீச். அண்ணே, நீ நல்லவன்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

வெயில். துணி காய்கிறது. சோறு நானே பொங்கினேன், அடிப்பிடித்தது.

மத்தியானம் லீலா போனில் கூப்பிட்டாள். பாப்பாத்தி குரல். பேச்சே மாறியிருக்கிறது. “ஏனுங்க ஞானமுத்து, நல்லா இருக்கீங்களா?” பின்னால் மதினி: “இவ பேச்சப் பாரும் கொழுந்தனாரே, கோயமுத்தூர்க்காரி ஆயிட்டா!”

“சொன்னியளா மைனி?”

“எங்க சொல்ல விடுதா. வந்ததுலருந்து என் பையில ஏதாவது அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா, அன்னைக்குச் சாக்குல போட்ட மாதிரியே.”