அப்பாவின் வலது கால்

ஏப்ரல் 14, செவ்வாய்

சந்தையிலிருந்து வந்த அப்பா வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "பிரேக் இறங்க மாட்டேங்குதும்மா ராத்ரி. கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் தந்தோ முற்றத்தில் இறங்கி என்ஜினைக் கிளப்பி மிதித்துப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இறங்குதே மாமா!" நானும் மிதித்தேன். ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் கோளாறு எழுபது தாண்டிய அந்தக் காலில்தான். சுகாதார நிலையத்தில் தினமும் இப்படிக் கால்களைப் பார்க்கிற நர்ஸ் நான். உட்கார வைத்து, பாதத்தால் என் கையைத் தள்ளச் சொன்னேன். நன்றாகத்தான் தள்ளினார். ஆனாலும் காலையும் மாலையும் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

மறுபடியும் அதே புகார். மலை இறங்கும்போது மட்டும்தானாம். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, புதன்

சாவியைப் பிடுங்கிவிட்டேன்.

அப்பாவின் வேனில்தான் புர்வந்தி அக்கா சோயா டெம்பே வறுவல் விற்கக் கீழே வொனோசோபோ சந்தைக்கு இறங்குவாள். இன்று மெல்ல வந்து, "உங்கப்பா சீட்ட விட்டு எழுந்து நின்னு மிதிக்கிறாரு தங்கச்சி. நான் கூடையை விட்டுட்டுக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டேன்" என்றாள். அதற்குமேல் எப்படி விடுவது? இனி சந்தைக்கு நானே ஓட்டுகிறேன் என்றேன்.

அப்பா சத்தம் போடவில்லை. "என் காலைச் சோதிச்ச. அந்த இறக்கத்துல ஒருதரம் ஓட்டிச் சோதிச்சியா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஏப்ரல் 25, சனி

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

மேலே உருளைக்கிழங்கு மூட்டைகள், உள்ளே நான்கு பெண்கள். கெஜாஜார் ஊரைத் தாண்டி இறக்கம். முதல் வளைவில் பிரேக் சரியாக இருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்த வளைவில் மிதித்தேன் — இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கல்! ஐயோ, அப்பா சொன்ன அதே கல்! எதிரே லாரி. எழுந்து நின்று மிதித்தேன், அப்பா மாதிரியே. கியரைக் குறைத்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் என் கைதானா? வேன் கிழங்குத் தோட்டத்து மண்மேட்டில் முட்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை. என் தலையெல்லாம் டெம்பே மாவு. பிறகு பின்னாலிருந்து புர்வந்தி அக்கா கேட்டாள்: "உனக்கும் முட்டி வலியா தங்கச்சி?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நேற்று வேனை முதல் கியரிலேயே மேலே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்பா.

இன்று மெக்கானிக் கியாந்தோ வந்தார். என்ஜினை அணைத்துவிட்டு பெடல் இறுகும்வரை மிதித்தார். காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்பினார். பெடல் தானாகக் கீழே போனது. "நல்லாத்தானே இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சூடானப்புறம் பாருங்க" என்று அப்பா உள்ளே இருந்தே சொன்னார்.

என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு மறுபடி மிதித்தார். இந்தத் தடவை பெடல் அசையவில்லை. "என்ஜின் காத்தை உறிஞ்சுதே, அந்த உறிஞ்சல்தான் உங்க காலுக்குத் துணை. அது வந்து சேரல" என்று சொல்லிக்கொண்டே என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற குழாயைத் தடவிப் போனவர் நின்றார். ஆரஞ்சு நிறக் குழாய், சப்பையாக ஒட்டிக் கிடந்தது.

"இது அடுப்பு கேஸ் டியூப்பாச்சே! வண்டிக்குள்ள யாரு சமைக்கிறது?"

தந்தோவின் முகம் வெளிறியது. "போன மாசம் பெருநாள் லீவு... கடை இல்ல. பழைய குழாய் வெடிச்சிருந்துச்சு. தற்காலிகமாத்தான்..." அப்புறம் மறந்தே போனாராம்! ஆறியிருந்தால் அது குழாய். சூட்டில் இளகினால் உறிஞ்சலில் தானே நசுங்கி அடைத்துக்கொள்ளும்.

"போட்டதும் நீங்க, பஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னதும் நீங்க! நாலு பொம்பளைங்க உள்ள இருந்தாங்க, தெரியுமா!" தெருவே கேட்கக் கத்தினேன். கத்தி முடித்தபிறகுதான் மண்டையில் உறைத்தது. பெருநாளிலிருந்து நான் சாவியைப் பிடுங்கிய நாள்வரை, மூட்டையும் ஆளுமாக, அந்த மலை இறக்கத்தில், என்ஜின் துணை இல்லாமல் வேனை நிறுத்தியது எது? அந்தக் கால்தான். அதற்கா ஒத்தடம் கொடுத்தேன்? என்ன நர்ஸ் நான்?

ஏப்ரல் 28, செவ்வாய்

பிரேக்குக்கென்றே விற்கிற தடித்த குழாய் மாட்டியாயிற்று. கியாந்தோவும் நானும் அதே இறக்கத்தில் போய் வந்தோம். சூட்டிலும் இறங்குகிறது. சாவியை ஆணியில் மாட்டினேன். அப்பா எடுக்கவில்லை. "நர்ஸம்மாவே ஓட்டட்டும்."

மே 1, வெள்ளி

சாவி ஆணியிலேயே.

மே 2, சனி

விடிந்ததும், பெருநாளன்று மட்டும் செய்வதை இன்று செய்தேன். அப்பா முன் மண்டியிட்டு, நெற்றியை அவர் முட்டியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலைமேல் கை வைத்தார். பிறகு, "மெதுவா வை. நோயாளி முட்டி" என்றார். எழுந்துபோய் சாவியை எடுத்தார்.

சந்தைக்குப் போகிற பெண்கள் பின்னால் ஏற, நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் வளைவில் அப்பா பழைய பழக்கத்தில் பலங்கொண்ட மட்டும் மிதித்தார் பாருங்கள் — வேன் அப்படியே குத்தி நின்றது. கூடை பறந்தது, டெம்பே பறந்தது, என் நெற்றி முன்கண்ணாடியில். "யோவ் ஐயா, காலை எடுய்யா!" என்று புர்வந்தி அக்கா அலறினாள்.

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். "இப்பதான் கோளாறு என் கால்ல, ராத்ரி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நெற்றியைத் தடவுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.